நீலியைக் காதலிக்கத் தைரியம் இருக்கா?

2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளோடு 'லோகா' படம் பார்த்துவிட்டு எல்.ஐ.சி. நிறுத்தத்தில் மெட்ரோ ஏறினேன். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். ரயில் கிளம்புவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, சூப்பர் பவர் இருக்கிற பொண்ணை ஒரு சாதாரணப் பையன் லவ் பண்ற மாதிரி தமிழ்ல ஒரே ஒரு படம் சொல்லு, பார்ப்போம்."

இருபது வருஷமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறவன். இதென்ன பிரமாதம் என்று விரல் விட ஆரம்பித்தேன். சென்ட்ரல் போனது. மண்ணடி போனது. வண்ணாரப்பேட்டையும் போனது. தண்டையார்பேட்டையில் இறங்கி எஸ்கலேட்டரில் மேலே வருகிறேன், ஒரு விரலும் மடங்கவில்லை. நீங்களும் கொஞ்சம் முயன்று பாருங்களேன்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. டொமினிக் அருண் இயக்கிய மலையாளப் படம். பெங்களூரில் நண்பர்களோடு வெட்டியாகக் காலம் தள்ளும் சன்னி என்ற பையன். எதிர் வீட்டுக்கு சந்திரா குடிவருகிறாள். ராத்திரி வேலைக்குப் போகிறாள், வெயிலில் தலை காட்டுவதில்லை, பத்துத் தடியன்களைப் பந்தாடுகிறாள். பையனுக்குக் காதல். கூடவே உதறல். அந்த உதறல்தான் காமெடி. இரண்டாம் பாதியில் காதலைப் பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது என் புகார். ஆனால் முதல் பாதியில், அந்தப் பையன் ஒரு இடத்திலாவது "நான் ஆம்பள" என்று மீசையை முறுக்கியிருந்தால் படம் படுத்திருக்கும். அவன் முறுக்கவில்லை.

இப்போது நம் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்.

1967ல் 'பட்டணத்தில் பூதம்'. சின்ன வயதில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தது. ஜாடிக்குள்ளிருந்து ஜீ பூம்பா கிளம்பி வந்து யாருக்கு வேலை செய்கிறது? ஜெய்சங்கருக்கு. கே.ஆர்.விஜயாவுக்கு வேலை என்ன? ஜெய்சங்கரைக் காதலிப்பது.

2010ல் 'எந்திரன்'. சனாவைக் கடித்த கொசுவையே தேடிப் பிடித்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறது சிட்டி. தமிழ் சினிமாவின் அழகான காதல் காட்சிகளில் அது ஒன்று என்பேன், சிரிக்காதீர்கள். ஆனால் அங்கேயும் சக்தி ரஜினி உருவத்தில்தான் இருக்கிறது. ஐஸ்வர்யா ராய் பரிசுப் பொருள்.

2023ல் 'மாவீரன்'. எனக்குப் பிடித்த படம். குடிசையைக் காலி செய்துவிட்டு, தொட்டால் உதிரும் அடுக்குமாடியில் ஏழைகளைக் கொண்டுபோய்க் கொட்டும் கதை. 2021ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தட்டினாலே பூச்சு கொட்டியதை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அது கற்பனையாகவே தெரிந்திருக்காது. அந்தக் குடும்பத்தில் தைரியசாலி யார்? அம்மா சரிதா. எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்கிறவர் அவர். மகன் சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி. ஆனால் வழிகாட்டும் அந்த அமானுஷ்யக் குரல் யார் காதில் ஒலிக்கிறது? மகன் காதில். தகுதி அம்மாவுக்கு, நியமன ஆர்டர் பையனுக்கு. அதே வருஷம் வந்த 'வீரன்' படத்தில் மின்னலுக்கும் ஒரு ஆண்பிள்ளைதான் கிடைத்தான்.

நம் படங்களில் பெண்ணுக்குச் சக்தியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏன் இல்லை? ஏகத்துக்கும் உண்டு. ஆனால் அவள் ஒன்று அம்மனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேயாக இருக்க வேண்டும். முன்னால் நின்று கும்பிடலாம், பின்னங்கால் பிடரியில் பட ஓடலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி சாப்பிட முடியாது. 'மூக்குத்தி அம்ம'னில் நயன்தாராவோடு ஆர்.ஜே.பாலாஜி எவ்வளவு கலாட்டா வேண்டுமானாலும் செய்யலாம், ஏனென்றால் அவர் சாமி. 'நீயா?'வில் பாம்பாக மாறும் ஸ்ரீப்ரியாவுக்குக் காதலன் உண்டு. அவன் செத்த பிறகுதான் அவள் சக்திக்கு வேலையே வருகிறது.

எங்கள் பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் இருந்தது. 1967ல் திறந்து 2020ல் மூடிய தியேட்டர். ஆயிரம் பேர் உட்கார்ந்து படம் பார்க்கலாம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அங்கே ஒரு அம்மன் படம். க்ளைமாக்ஸில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு அம்மாவுக்கு சாமி வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து ஆடுகிறார். பக்கத்தில் இருந்த அவருடைய புருஷன் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டார். "ஆத்தா, தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு" என்று அழுதார். படம் முடிந்து வெளியே வந்தால், அதே மனிதர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "எவ்ளோ நேரம் நிக்கறது? பொட்டலத்தைத் தூக்கிக்கினு வர்றியா இல்லியா?" என்று அதே அம்மாவைப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷ இடைவெளி. அவ்வளவுதான், நம்ம ஆள்கள் பெண்ணின் சக்தியை ஒத்துக்கொள்ளும் கால அளவு.

வெள்ளைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. 1964 முதல் எட்டு வருஷம் அமெரிக்க டி.வி.யில் ஓடிய 'பிவிட்ச்ட்' தொடரில் சூனியக்காரி ஒருத்தி சாதாரண மனிதனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். புருஷன் போடும் ஒரே நிபந்தனை, வீட்டில் மந்திரம் போடக் கூடாது! "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போக வேணாமே" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொல்வார்களே, அதேதான். 2006ல் 'மை சூப்பர் எக்ஸ் கேர்ள்ஃப்ரெண்ட்' வந்தது. சக்தி உள்ள காதலி, கழற்றிவிட்டவன் வீட்டு ஜன்னல் வழியாக உயிரோடு சுறாவைத் தூக்கி வீசுகிறாள். சக்தி இருக்கிற பெண்ணென்றால் பொறாமைக்காரி, மறை கழன்றவள். காசிமேட்டுக்காரர்கள் கேட்டால், சுறா விற்கிற விலையில் இதென்ன ஊதாரித்தனம் என்பார்கள்.

தெரிந்த உதவி இயக்குநர் ஒருவரிடம் மகள் கேட்ட கேள்வியைக் கேட்டேன். "சார், கதையெல்லாம் இருக்கு. புரொட்யூசர் ஒத்துக்க மாட்டார். பி அண்ட் சி சென்டர்ல ஹீரோவை விடப் பொண்ணு பலசாலின்னா ஜனங்க கையைத் தட்ட மாட்டாங்க, ஸ்க்ரீனைக் கிழிச்சிடுவாங்க" என்றார்.

எந்த ஜனம்? நான் பி.காம். படித்தவன். வாய்க்கணக்கு சொன்னால் வவுச்சர் கேட்பேன். சுமார் 30 கோடியில் எடுத்த 'லோகா' உலகம் முழுக்க 300 கோடிக்கு மேல் வசூலித்ததாகச் செய்தி வந்தது. அதுவரை எந்த மலையாளப் படமும் தொடாத தொகை. தமிழ் பேசவைத்து இங்கேயும் ஓட்டினார்கள். திரையை யாரும் கிழிக்கவில்லை. ஆக, "ஜனங்களுக்குப் பிடிக்காது" என்பது வியாபாரக் கணக்கு அல்ல. தன் பயத்தை ஜனங்கள் பெயரில் பற்று எழுதும் கள்ளக்கணக்கு.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. அந்தச் சந்திரா யார் என்று நினைக்கிறீர்கள்? கள்ளியங்காட்டு நீலி. கேரளத்துக் கதைகளில் வரும் யட்சி. அந்தக் கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கம், இன்றைய தமிழ்நாட்டில்! அது போகட்டும், நமக்கென்றே ஒரு நீலி உண்டு. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் நீலி. போன பிறவியில் தன்னைக் கொன்ற புருஷனைத் தேடிவந்து பழி வாங்கியவள். அவள் கதையிலிருந்து நாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது என்ன? 'நீலிக் கண்ணீர்'. பெண் அழுதால் நம்பாதே என்று சொல்ல ஒரு சொலவடை. கொன்றவனைப் பற்றி ஒரு சொலவடையும் கிடையாது. மலையாளத்தான் யட்சியை எடுத்து, ஒரு பையன் பயந்து பயந்து காதலிக்கிற பெண்ணாக மாற்றிவிட்டான். நம்ம பங்களிப்பும் அந்தப் படத்தில் இருக்கிறது. தைரியமான பெண்களைக் கண்டாலே ஆகாத போலீஸ்காரர் வேடம். செய்தது நம்ம சாண்டி மாஸ்டர்!

தன்னைவிடச் சக்தி உள்ளவளைக் காதலிக்கிற ஆண் தமிழ்நாட்டிலேயே கிடையாதா? எங்கள் பேட்டைக்குப் பேர் வந்த கதையைக் கேளுங்கள். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்தவர் மஸ்தான் சாகிபு. ஊர் அவரைத் தொண்டியார் என்றது. தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது என்பார்கள். தர்கா ராயபுரத்தில் இருக்கிறது. 1838ல் மறைந்த அந்த சூஃபி, கடவுளையே மனோன்மணி என்ற காதலியாக வைத்துக் கண்ணி கண்ணியாகப் பாடியிருக்கிறார். சர்வ வல்லமை உள்ளவளிடம் மீசை முறுக்காமல் கெஞ்சுகிற காதலன்! 'மனோன்மணிக் கண்ணி' என்று புத்தகத்தில் இருக்கிறது. கதை தேடி வெளிநாடு போகிறவர்கள் ஒருமுறை ராயபுரம் வந்து போகலாம்.

ஞானியெல்லாம் வேண்டாம், சாதா மனுஷன் வேண்டும் என்றால் என் சித்தப்பா இருக்கிறார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். கம்பெனி இழுத்து மூடி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சித்தி கூடை எடுத்தார். காசிமேட்டில் ஏலத்துக்குக் குவித்த மீனைப் பார்த்த மாத்திரத்தில், எத்தனை கிலோ, எத்தனை ரூபாய்க்கு எடுத்தால் கட்டும் என்று சொல்லிவிடுவார். தராசில் போட்டால் கால் கிலோ முன்னே பின்னே இருக்கும். இது சூப்பர் பவர் இல்லையென்றால் எது?

ராத்திரி ஒன்றரை மணிக்குச் சித்தப்பா எழுந்து டீ போட்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றுகிறார். சித்தியை சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போகிறார். ஏலம் முடிகிறவரை ஓரமாக நின்று பணப்பையைப் பிடித்துக்கொள்கிறார். ஒருமுறை யாரோ குடிகாரன் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டானாம். சித்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவனை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தாராம். இதைச் சொந்தக்காரக் கல்யாணங்களில் எல்லாம் சொல்வது யார் என்கிறீர்கள்? சித்தப்பாதான். "இன்னா தூக்கு தூக்குனா தெரியுமா!" என்று அவர் கண் விரியும்போது சித்தி வெட்கப்பட்டுக்கொண்டு, "சும்மா இருய்யா" என்பார்.

'லோகா' ஓ.டி.டி.க்கு வந்ததும் மகள் சித்தப்பா வீட்டில் போட்டுக் காட்டினாள். சித்தி அசதியில் தூங்கிவிட்டார். சித்தப்பா பாதி வரைக்கும் வாய் மூடாமல் பார்த்தார். சன்னி நடுங்குகிற இடத்திலெல்லாம் சிரித்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, பொண்ணு ராவெல்லாம் வேலைக்குப் போய்ட்டு வருதே, இந்தப் பையன் ஒரு டீயாவது போட்டுக் குடுத்தானா?"

மகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மணியைப் பார்த்தார். ஒன்பதரை. ஒன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார்.