காசு கொடுத்து வாங்கிய போனில் யார் வீட்டுப் பீரோ?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை போன் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. 90 நாட்களுக்குள் எல்லாப் புதிய போன்களிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலி இருக்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்றது. எதிர்ப்பு கிளம்பியதும், வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் கைவிடப்பட்டது.

அந்தச் செயலி நல்ல செயலிதான். தொலைந்த போனை முடக்கலாம், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். வயதானவர்கள் தாமாகத் தேடிப் போடமாட்டார்கள், முன்பே வைத்துக் கொடுத்தால் உதவும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. வைத்துக் கொடுக்கட்டும். எடுக்க விடமாட்டேன் என்பதுதான் தகராறு.

அன்று அரசைத் திட்டியவர்களிடம் ஒரு கேள்வி. இதையே கம்பெனிகள் பல வருடமாகச் செய்கின்றனவே, அப்போது ஏன் பேசவில்லை? என் அக்காவின் போன் 32 ஜிபி. இடம் இல்லை என்று வாரம் ஒருமுறை பேரன் படங்களை அழிக்கிறாள். அவள் ஒருநாளும் திறக்காத செயலிகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அழுத்திப் பார்த்தால் ‘நிறுவல் நீக்கு’ இல்லை, ‘முடக்கு’ மட்டும்தான். முடக்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்பெனி வைத்த மூலப் பிரதி உள்ளேயே இருக்கும், இடத்தையும் விடாது. வீட்டை விற்றவர் தன் பழைய பீரோவை ஓர் அறையில் விட்டுவிட்டு, “எடுக்காதீர்கள், வேண்டுமானால் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்” என்று சொன்ன கதை! இரண்டு லட்ச ரூபாய் போன்காரருக்கு இது உறைக்காது. அக்காவுக்கு உறைக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உத்தரவு வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. முன்பே நிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, நீக்கும் உரிமை பற்றிய அந்தக் கட்டளையை மட்டும் வேறு சிலவற்றோடு ரத்து செய்துவிட்டது. அபராதம் அரசு கஜானாவுக்கு. நமக்கு வர வேண்டியது வரவில்லை.

ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் இது சட்டம். போன் இயங்குவதற்கு இன்றியமையாதவை தவிர மற்றதை நீக்க விட வேண்டும். ஐபோனில் சஃபாரியையும் ஆப் ஸ்டோரையும்கூட அங்கே நீக்கலாம். போன் ஒன்றும் வெடித்துவிடவில்லை!

இங்கே 2024இல் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. அது சட்டமாகும்போது நீக்கும் உரிமையைத் தெளிவாக எழுத வேண்டும், அரசுச் செயலிக்கும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. உங்களில் வழக்கறிஞர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், இதை எடுத்துப் பேசுங்கள்.

மற்றவர்கள் அடுத்த போன் வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே நாலு செயலியை அழுத்திப் பாருங்கள். ‘நிறுவல் நீக்கு’ வருகிறதா என்று கடைக்காரரையே கேளுங்கள்.