அவையச்சம் யார் தந்தது?

வன்னிப் பிள்ளைகள் கூச்சசுபாவம் உடையவர்கள், மேடையேறினால் நா எழாது, அது பிறவிக்குணம் என்றொரு தீர்ப்பு எமது ஆசிரியர் ஓய்வறைகளிலே நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகிறது. மேன்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு! இதனை நாம் மறுக்கிறோம்.

அவைக்கு அஞ்சுவது வன்னிக்கு மட்டும் உரியதன்று. வள்ளுவர் அவையஞ்சாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் எனின், அன்றும் கற்றோர் அவையிலே நடுங்கினர் என்பதே பொருள். பல கண்கள் ஒருசேர நோக்கும்போது உடல் அதனை ஆபத்தென்று கொள்கிறது. அதிரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. எதிர்ப்பதற்கோ ஓடுவதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் அது, அறிவின் குறைபாடன்று. இந்தப் படபடப்பை வாய்ப்பூட்டாக வளர்ப்பது சமுதாயமே.

வன்னியிலே அது வளர்ந்த கதை யாவரும் அறிந்ததே. ஆயுதம் யார் கையில் இருந்தபோதும் சாமானியர் வாயடக்கியே உயிர் காத்தனர். 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டோர் மெனிக் பாம் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டபோது, "கண்டதைச் சொல்லாதே" என்று பிள்ளையை எச்சரிக்காத தாய் உண்டோ? அப்பிள்ளைகளே இன்று இளம் பெற்றோர்; இளம் ஆசிரியர்.

பள்ளிக்கூடமோ அவ்வச்சத்துக்கு உரமிடுகிறது. கேள்வி கேட்கும் சிறுமிக்கு 'வாய்க்காரி' என்று பெயர். விடை பிழைத்தால் வகுப்புச் சிரிக்கும். ஆசிரியரும் உடன் சிரிப்பார். தமிழ்மொழித் தினப் போட்டி வந்ததும், ஆசிரியர் எழுதிய உரையை மனனம் செய்து, கையசைவும் கற்பிக்கப்பட்ட ஒரு பிள்ளை மேடையேற்றப்படுகிறது. ஒரு சொல் மறந்தால் அனைத்தும் சரிகிறது. சரியாதா? அதற்குச் சொந்தமான சொல் அவ்வுரையில் ஒன்றேனும் உண்டா? இந்நோய்க்கு மருந்து விற்க 'ஆளுமை விருத்தி' வியாபாரிகளும் வந்துவிட்டனர். கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" எனச் சொல்லச் சொல்கின்றனர். என்ன சொல்ல விரும்புகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.

பம்பாய் நீதிமன்றிலே தமது முதல் வழக்கில் சாட்சியை வினவ எழுந்து, ஒரு கேள்வியும் வாராமல் அமர்ந்து, ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்தவர் காந்தி. அவரே 1893 இல் பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டத்திலே உரையாற்றினார். இடையில் அவர் பெற்றது பேச்சுப் பயிற்சியன்று. இரயிலிலிருந்து இறக்கித் தள்ளப்பட்ட அவமானம். சொல்வதற்குப் பொருள் கிடைத்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2010 செப்ரெம்பரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது, பேச்சுக்கலை பயிலாத தாய்மார் தம் பிள்ளைகள் எங்கே என்று அதன் முகத்துக்கு நேரே கேட்டனர். 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோவில் முன்றலிலே இருந்து கேட்டனர். அழுதனர், மீண்டும் பேசினர். பிறவிக்குணம் எங்கே போயிற்று?

ஆகவே பிள்ளைகளை வட்டமாக இருத்துவோம். முதலில் நான்கைந்து பேர் முன்னே, இருந்தபடியே, யானை அழித்த வயலைப் பற்றியோ வற்றிய குளத்தைப் பற்றியோ தம் சொல்லிலே சொல்லட்டும். கையில் குறிப்புத்தாள் இருக்கலாம், மனனம் வேண்டாம். கேட்போர் வினவ வேண்டும். எவரும் நகைக்கலாகாது, ஆசிரியர் உட்பட. சில வாரங்களில் எழுந்து நின்று பேசட்டும், பின்னர் காலைக்கூட்டத்திலே. படபடப்பு முற்றாக நீங்காது. பழகப் பழகத் தணியும்.

பாடத்திட்டம் முடியாதே என்பர். வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடமே கேட்கிறோம். மேலதிகாரி முன்னே தலையசைத்துக் கலையும் எமது ஆசிரியர் கூட்டங்களில், இக்கோரிக்கையை எழுந்து சொல்லப்போகிறவர் யார் என்றும் கேட்கிறோம்.