ஆசுக்கர் முன்கணிப்பும் தமிழர் ஏக்கமும்

ஆண்டுதோறும் பனிக்காலந் தொடங்குமுன்னரே அமெரிக்கத் திரைத்துறைத் தாளிகைகளில் ஒரு தொழில் சூடுபிடிக்கின்றது. எந்தப் பத்துப் படங்கள் ஆசுக்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பெறும், எந்த ஐந்து நடிகையர் பட்டியலில் இடம்பெறுவர், எவர் விடுபடுவர் என்று கிழமைதோறும் பட்டியலிட்டுக் கூறும் முன்கணிப்புத் தொழிலே அது. ஆகத்து இறுதியில் வெனிசு நகரத் திரைப்பட விழாவோடு தொடங்கும் இவ்வாரவாரம், விருது வழங்கப்பெறும் நாள்வரை ஏறத்தாழ அரையாண்டு ஓடுகின்றது. அப்பட்டியல்களைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அப்படியே பெயர்த்தெழுதிப் பரப்புகின்றன.

‘இதிலென்ன கேடு? பொழுதுபோக்குத்தானே!’ என்பார் உளர். மழை வருமென்று வானிலை அறிஞர் கூறுவதால் முகில் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. விருது முன்கணிப்போ அத்தகையதன்று. அதனைப் படிப்போருள் வாக்களிக்கும் உறுப்பினரும் உளர். எனவே அது வரப்போவதைக் கூறுதல் மட்டுமன்று, வரச்செய்தலுமாம். இவ்வேறுபாட்டை உணராதவரே அதனை வெறும் பொழுதுபோக்கென்பர்.

இவ்விருதின் தொடக்கத்தில் முன்கணிப்புக்கே இடமில்லை. திரைக்கலைக் கழகம் 1927இல் தோன்றிற்று. முதல் விருது விழா 1929 மே 16ஆம் நாள் ஆலிவுட்டில் ஒரு விடுதியில் நடந்தபோது, வென்றவர் பெயர்கள் மூன்று திங்கட்கு முன்னரே ஊரறிந்தவை. பின்னர் விழாவிரவில் வெளியிடுமாறு முடிவுகள் தாளிகைகளிடம் முன்கூட்டியே கொடுக்கப்பெற்றன. 1940இல் இலாசு ஏஞ்சலிசு நாளிதழ் ஒன்று விழாவுக்கு முன்பே அவற்றை வெளியிட்டுவிட்டது. அதன் பயனாக 1941 முதல் முடிவுகளை உறையிலிட்டு முத்திரை வைக்கும் வழக்கம் வந்தது. முடிவு மறைபொருளான பின்னரே அதனை முன்னுரைத்தல் ஒரு வணிகமாக வளர்ந்தது.

பரிந்துரை நடைபெறும் முறையை அறிந்தால் முன்கணிப்பின் வலிமை எங்கிருந்து வருகின்றதென்பது விளங்கும். நடிகரை நடிகர் பிரிவினரும், இயக்குநரை இயக்குநர் பிரிவினரும் பரிந்துரைப்பர். சிறந்த படத்தை மட்டும் எல்லாப் பிரிவினரும் பரிந்துரைப்பர். ஒவ்வோர் உறுப்பினரும் தாம் விரும்புவோரை வரிசைப்படுத்தி ஒப்போலையில் எழுதுதல் வேண்டும். ஐந்து இடங்களுக்கு 1,200 பேர் வாக்களிப்பதாகக் கொள்வோமாயின், அத்தொகையை ஆறால் வகுத்து ஒன்று கூட்டினால் 201 ஆகின்றது. அவ்வளவு வாக்குப் பெற்றவர் இடம்பெறுவர். பலரும் ‘நன்று’ என்று ஐந்தாமிடத்தில் எழுதுவதைவிடச் சிலர் ‘இவரே சிறந்தவர்’ என்று முதலிடத்தில் எழுதுவதே இங்கு வலிமையுடையது.

முதலிடத்தில் எழுதப்பெறுவதற்கு ஒரு படம் முதலில் பார்க்கப்பெறுதல் வேண்டும். ஓராண்டில் வெளிவரும் நூற்றுக்கணக்கான படங்களை ஒருவர் முற்றும் பார்த்தல் இயலாது. எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுப்பது என்று முடிவு செய்யுங்கால் முன்கணிப்புப் பட்டியலே அவர்க்கு வழிகாட்டியாகின்றது. பட்டியலிலுள்ள படம் பார்க்கப்பெறுகின்றது. பார்க்கப்பெற்ற படம் வாக்குப் பெறுகின்றது. வாக்குப் பெற்றபின் ‘என் கணிப்பு மெய்யாயிற்று’ என்று கணித்தவர் மார்தட்டுகின்றார். பரிந்துரைக்கப்பெற்ற படங்களையெல்லாம் பார்த்த பின்னரே ஒரு பிரிவின் இறுதிச்சுற்றில் வாக்களிக்கலாமென்று கழகம் 2025 ஏப்பிரலில்தான் விதி அறிவித்தது. பார்க்காமலே வாக்களிக்கும் வழக்கம் இருந்ததென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பரிந்துரைச் சுற்றிலோ எல்லாவற்றையும் பார்த்தல் எவர்க்கும் இயல்வதன்று.

இதனை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி 2013இல் நேர்ந்தது. இயக்குநர் சங்கம் வெளியிடும் ஐவர் பட்டியலைக் கொண்டே ஆசுக்கர் இயக்குநர் பட்டியலை முன்னுரைப்பது வழக்கம். அவ்வாண்டு கழகம் பரிந்துரை வாக்கெடுப்பைச் சனவரி 4ஆம் நாளே முடித்துவிட்டது. சங்கத்தின் பட்டியலோ 8ஆம் நாள் வந்தது. சாயக் கோலில்லாத உறுப்பினர் தம் விருப்பப்படி எழுதினர். 10ஆம் நாள் பரிந்துரை வெளியானபோது, சங்கம் தேர்ந்த ஐவருள் இசுபீல்பெர்க்கு, ஆங்கு இலீ ஆகிய இருவரே அதில் இருந்தனர். எல்லாராலும் உறுதியெனக் கணிக்கப்பெற்ற ‘ஆர்கோ’ இயக்குநர் பென் அப்லெக்கு விடுபட்டார். அப்படமே அவ்வாண்டின் சிறந்த படமாக வென்றதும் குறிக்கத்தக்கது. பார்த்தெழுதப் பட்டியல் இல்லாதபோது கணிப்பும் பொய்த்தது என்க.

2023 சனவரியில் ஆண்டிரியா இரைசுபரோ என்னும் நடிகை பரிந்துரைக்கப்பெற்றதும் கணிப்பாளரைத் திகைக்கச் செய்தது. அவர் நடித்த படம் அதுவரை அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 27,000 தாலரே ஈட்டியிருந்தது. நடிகர் சங்கப் பட்டியலிலும் அவர் பெயரில்லை. உடன்நடிகர் பலர் தம்முள் சொல்லியும் வெளிப்படையாகப் போற்றியும் அவரை முன்னிறுத்தினர். உடனே கழகம் உசாவல் தொடங்கிற்று. இறுதியில் பரிந்துரையை நீக்கவில்லை. பெரும்பொருள் செலவிட்டு விருந்து வைத்து, முழுப்பக்க விளம்பரமிட்டு வாக்குத் திரட்டும் பெருநிறுவனங்களின் செயல் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது; பொருளில்லாத ஒருவர்க்காக நண்பர் பேசியது உசாவலுக்குரியதாகின்றது! அவ்விளம்பரங்களால் வாழும் தாளிகைகளே முன்கணிப்புகளையும் வெளியிடுகின்றன என்பதையும் உடனெண்ணல் வேண்டும்.

இத்தகைய கணிப்புக்கு நெடுங்காலம் அடிப்படையாயிருந்த பொற்கோள விருதினை வழங்கியவர் எத்துணைப் பேர்? நூற்றுவர்க்கும் குறைந்த வெளிநாட்டுச் செய்தியாளரே. 2021இல் அவருள் கறுப்பினத்தார் ஒருவருமில்லை என்னும் உண்மை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அவ்விழாவை ஒளிபரப்பத் தொலைக்காட்சி மறுத்தது. 2023இல் அவ்வமைப்பே கலைக்கப்பெற்றது. ஆசுக்கர் விருதிலும் 2015, 2016 ஆகிய ஈராண்டுகளில் நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பெற்ற இருபதின்மரும் வெள்ளையரே. எதிர்ப்பெழுந்த பின்னரே கழகம் தன் உறுப்பாண்மையை விரிவாக்கிற்று. 2020இல் கொரிய மொழிப் படமான ‘பாரசைட்டு’ சிறந்த படமாக வென்றது. ஆங்கிலமல்லாத மொழிப்படம் ஒன்று அவ்விருதைப் பெற 90 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வாக்காளர் மாறினால் ‘சிறப்பு’ம் மாறுகின்றது. அவ்வாறாயின் அச்சிறப்பு உலகப் பொதுவளவை ஆவதெங்ஙனம்?

இனித் தமிழர் நிலைக்கு வருதல் வேண்டும். 2021இல் ‘சூரரைப் போற்று’, 2022இல் ‘செய் பீம்’, 2025இல் ‘கங்குவா’ ஆகிய படங்கள் ‘ஆசுக்கர் பட்டியலில் இடம்பெற்றன’ என்று தமிழ்த் தாளிகைகள் முழங்கின. அவை இடம்பெற்றது பரிந்துரைப் பட்டியலில் அன்று, தகுதிப் பட்டியலில். குறித்த அமெரிக்க நகரங்களில் குறித்த நாள் திரையிடுதல் முதலிய விதிகளை நிறைவேற்றி விண்ணப்பித்த படங்களின் பெயர்த்தொகுப்பே அது. நோய்க்காலத்தில் அவ்விதியும் தளர்ந்திருந்தது. 2021இல் 366 படங்களும், 2022இல் 276 படங்களும், 2025இல் 323 படங்களும் அதில் இருந்தன. தேர்வெழுத நுழைவுச்சீட்டுப் பெற்றவனை முதன்மாணவன் என்று ஊர்வலம் விடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அப்படங்களின் தகுதி வேறு. செய்தியின் பொய்ம்மை வேறு. தமிழ் மக்கள் ஏமாற்றப்பட்டதற்கு, அயலார் ஒப்புதலுக்கு ஏங்கும் அவர்தம் மனநிலையே வாயிலாயிற்று.

இவ்வேக்கத்தின் வேர் ஆழமானது. அயல்மொழிப் படப்பிரிவிற்கு ஒரு நாடு ஒரு படமே அனுப்பலாம். இந்திய ஒன்றியத்தின் அத்தனை மொழிகளுக்கும் ஒரே வாயில். 1969இல் ‘தெய்வமகன்’, 1987இல் ‘நாயகன்’, 2016இல் ‘விசாரணை’, 2021இல் ‘கூழாங்கல்’ எனத் தமிழ்ப் படங்கள் சில அனுப்பப்பெற்றன. ஒன்றேனும் இறுதி ஐந்தில் இடம்பெறவில்லை. உறாட்டர்தாம் விழாவில் தலைமைப் பரிசு வென்ற ‘கூழாங்கல்’லுக்கும் அதுவே நேர்ந்தது. வேற்றுநாட்டார் நிலை நோக்குக. தென்மார்க்கு நாட்டின் ஆளுகைக்குட்பட்டதும் அறுபதினாயிரம் மக்களும் இல்லாததுமான கிரீன்லாந்து 2010இலும் 2012இலும் தன் பெயரிலேயே படம் அனுப்பிற்று. சீனத்தின் ஆட்சிக்குட்பட்ட ஆங்காங்கும் தனியே அனுப்புகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 இலக்கம் மக்கள் வாழும் தமிழ்நாட்டிற்கு அவ்வுரிமை இல்லை. வினவ வேண்டிய வினா இதுவேயன்றி, ‘இவ்வாண்டு எந்தப் படம் தேறும்?’ என்பதன்று.

தமிழ்க்குரல் அம்மேடையில் ஒலித்த காலங்களிலும் அது அவ்வாயில் வழியாக வரவில்லை. 2009இல் ஏ.ஆர். இரகுமான் இரண்டு விருதுகள் பெற்று அவ்வரங்கில் தமிழில் பேசியது, பிரித்தானியர் எடுத்த படத்திற்கு இசையமைத்ததால். 2023இல் விருதுபெற்ற முதுமலை யானைக்குட்டிகள் பற்றிய குறும் ஆவணப்படத்தில் ஒலிப்பது தமிழே. ஆயினும் அதன் தலைப்பு ஆங்கிலம். உலகம் அதனை இந்தியப் படமென்றே அறியும்.

அயலார் விருதை வெறுத்தல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. வந்தால் மகிழ்க; வாராவிடின் குறைவென்று எண்ணற்க. செய்யவேண்டியவை மூன்று. தகுதிப் பட்டியல், தெரிவுப் பட்டியல், பரிந்துரை, விருது ஆகிய நான்கையும் வேறுபடுத்தி எழுதத் தமிழ்த் தாளிகைகள் கற்றல் வேண்டும். தமிழ்ப் படங்கள் தமிழ்நாட்டின் பெயரில் உலகரங்கிற்குச் செல்லும் உரிமையைக் கேட்டல் வேண்டும். யாவற்றினும் மேலாக, அரசியற் சார்பும் வணிகக் கையூட்டும் தீண்டாத, தேர்ந்தமைக்குரிய கரணியத்தை வெளிப்படையாக எழுதிவைக்கும் விருதொன்றைத் தமிழரே நிறுவுதல் வேண்டும்.

ஒரு படம் தமிழ் வாழ்வை மெய்யாகக் காட்டிற்றா, அதன் மொழி தமிழாக இருந்ததா, அதன் கலை நின்று பயன்தருமா என்று அளக்கும் கோல் தமிழர் கையிலேயே இருத்தல் வேண்டும். அக்கோலை இழந்த இனம், இலாசு ஏஞ்சலிசு நகரில் எவரோ எழுதும் முன்கணிப்பில் தன் பெயர் உளதா என்று ஆண்டுதோறும் தேடிக்கொண்டேயிருக்கும்.