ஆகாயத்தில் ஒன்றரை மணி, தரையில் ஐந்து மணி!

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு தாய். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் காலை 7 மணிக்கு, மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வருகிறது. தாய் எப்போது போய்ச் சேருவாள்?

"பிளேனில் போனால் ஒன்றரை மணி நேரந்தானே!" என்பார்கள் அக்கம்பக்கத்தார். அது பாதிக் கணக்கு.

நேர்கோடு

தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது தூத்துக்குடி நகரில் அல்ல; வாகைக்குளத்தில். நெல்லையில் இருந்து போனால் வல்லநாட்டைத் தாண்டி வரும். அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 530 கிலோ மீட்டர். பழைய கணக்கில் 330 மைல். ரயில் மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து போவதால், நெல்லையில் இருந்து எழும்பூருக்கு ஏறக்குறைய 650 கிலோ மீட்டர்.

(வரைபடத்தில் பார்த்தால் திருவனந்தபுரம் விமான நிலையமும் முக்கூடலுக்குப் பக்கந்தான். நடுவே பொதிகை மலை நிற்கிறதே! நாகர்கோவில் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும்.)

விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் பறக்கும். அப்படியானால் ஒரு மணி நேரம் போதுமே? போதாது. மேலே ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போதும் அப்படியே. சென்னையில் இறங்க வரிசையில் காத்திருக்க வேண்டியதும் உண்டு. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததில் இருந்து, மறு ஊரில் போய் நிற்கும் வரை பயண நேரந்தான்.

நீண்ட ஓடுபாதை

இந்த விமான நிலையம் 1992-ல் திறக்கப்பட்டது. ஓடுபாதை 1,350 மீட்டர். சிறிய விமானங்களுக்குத்தான் அது போதும். இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ந் தேதி திறந்து வைத்தார்.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோ மீட்டர் பறக்கும். ஆனால் இந்தக் குறுகிய தூரத்தில் அது மிச்சப்படுத்துவது கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். உண்மையான லாபம் இருக்கைகளில் இருக்கிறது. ஏ.டி.ஆரில் எழுபது சொச்சம்; ஜெட்டில் 180 வரை. இடம் குறைந்தால் கடைசி நேர டிக்கெட் விலை ஏறிவிடும். அவசரத்துக்குப் போகிறவர் தலையில்தான் அது விழும்.

வாசலில் இருந்து வாசலுக்கு

முக்கூடலில் இருந்து பஸ் ஏறி, நெல்லையில் மாறி, வாகைக்குளம் போக இரண்டரை மணி வரை ஆகும். விமானம் புறப்பட ஒன்றரை மணி முன்பாகவே அங்கே இருப்பது நல்லது. பறப்பது ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் வெளியே வந்து நகருக்குள் போக ஒரு மணி. ஆக, ஆறரை மணி நேரம்! அதுவும், போன உடனே விமானமும் இடமும் கிடைத்தால்.

ரயில் என்றால்? 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத், நெல்லையில் இருந்து எட்டு மணி நேரத்துக்குள் சென்னை சேர்கிறது. ஆனால் காலை 6 மணி வாக்கிலேயே அது புறப்பட்டுவிடும். 7 மணிக்குச் செய்தி கேட்ட தாய்க்கு அது உதவாது. மற்ற ரயில்களில் பலவற்றுக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் பிடிக்கும்.

நெல்லையில் இருந்து விமான நேரத்தை ஒட்டி ஒரு பஸ், நேரே நிலைய வாசலுக்கே போனால் அரை மணியாவது மிச்சமாகும். ஜெட் விமானம் மிச்சப்படுத்துவதைவிட அது அதிகம்.