தாழிடாத வீடு தன்வீடு ஆகுமா?

தம் கோப்புகளை அயலான் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, அவன் கதவடைக்கும் நாளில் கைபிசைந்து நிற்பது அடிமை வாழ்வன்றி வேறென்ன? இதனை உணர்ந்தது செருமனியின் சுலெசுவிக்-ஓல்சுட்டைன் மாநில அரசு. ஏறத்தாழ 30,000 பணிக்கணினிகளைத் தளையற்ற மென்பொருள்களுக்கு மாற்றுவதென 2024-இல் அறிவித்தது. கோப்புகளைப் பேண அது தேர்ந்தது, 2016-இல் செருமனியிலேயே தோன்றிய நெக்சுட்கிளவுடு.

ஆயின், இலினக்சு வழங்கியில் அதனை நிறுவிய அளவிலேயே விடுதலை வந்துவிட்டதென மகிழ்வார் பலர். என்னே பேதைமை! கோப்பு ஏறவில்லையெனில், உடனே '777' என இசைவைத் திறந்துவிடுகின்றனர். படித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1, கூட்டினால் 7. உடையவர், குழுவினர், ஏனையோர் ஆகிய முத்திறத்தார்க்கும் ஏழேழு வழங்குவது, வீட்டுச் சாவியைத் தெருவில் எறிவதன்றோ? பல தளங்கள் குடியிருக்கும் வழங்கியில் ஒன்று கள்வர் வயப்பட்டாலும், இவர்தம் கோப்புகளும் உடன் பறிபோகுமே!

செய்யவேண்டுவது அரிதன்று. கோப்புக் கிடங்கை வலைத்தள அடைவுக்கு வெளியே வைத்தல் வேண்டும். வலைவழங்கியின் பயனர்க்கே அதனை உடைமையாக்கி, இசைவை '750' எனச் சுருக்குதல் வேண்டும். இலெட்சு என்கிரிப்டு 2015 தொட்டு விலையின்றி வழங்கும் சான்றிதழால் போக்குவரத்தை மறையாக்குதல் வேண்டும். கோப்புகளோடு தரவுத்தளத்தையும் நாள்தோறும் வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

தளையறுத்த கையே தாழும் இடுக! காவாத விடுதலை களவுபோகும்!