மகளின் நகையும் மகளின் புத்தகமும்

அமராவதி நகரில் 1962லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. அதன் மதிலுக்குள் ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு ராணுவ அதிகாரி என்ற இலக்கு அன்றே காட்டப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு 2021இல்தான் திறந்தது. மதிலுக்கு வெளியே, உடுமலை வட்டாரச் சேரிகளில், பத்தாவது எழுதிய பிள்ளையின் எதிர்காலம் மில் வேனில் வருகிறது. ரிசல்ட்டுக்கு முன்னால் புரோக்கர் வந்துவிடுகிறார்.

'இவங்களுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையே இல்லீங்க' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் கற்றறிந்தவர்கள். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி உலை வைக்கிற வீட்டில், பனியன் கம்பெனியில் கைமடிக்குப் போகும் மகனின் கூலி அக்கறையின்மை அல்ல, அரிசி. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதைத் தாண்டியவரை அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் சிறுவர்கள் உதவலாம் என்றும் சொல்கிறது. சாதியே தொழிலாக இருக்கும் நாட்டில் குடும்பத் தொழில் என்றால் என்ன? 1953இல் ராஜாஜி கொண்டுவந்து 1954இல் விரட்டப்பட்ட குலக்கல்வி, கொல்லைப்புறமாக நுழைந்திருக்கிறது.

இவையெல்லாம் மேடையில் நாம் பேசுபவைதான். நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

'மூணு வருசம் மில்லுக்குப் போயிட்டு வா கண்ணு, உன் கல்யாணத்துக்கு ஆச்சு.' சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரிட்டு, விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன கொடுமைக்கு நம் பெண்களை அனுப்பியது நாம்தான். பேரம் அப்பனுக்கும் புரோக்கருக்கும் நடந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'நர்சுக்குப் படிக்கிறேன்' என்றிருப்பாள். ஏப்ரல் 14இல் அண்ணலின் படத்துக்கு மாலை போட்ட அதே கை, 'எதுத்தா பேசறே' என்று மகள்மேல் ஓங்குகிறது. ஆண்டை முன்னால் நாம் கைகட்டி நின்ற பயத்தை, நம் பிள்ளைகளிடம் மரியாதை என்று வசூலிக்கிறோம்.

அண்ணலின் தந்தை ராம்ஜி, மணமான மகளின் நகையை வாங்கி அடகு வைத்து மகனுக்குப் புத்தகம் வாங்கினார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுத்தார். அதைவிடப் பெரிது இன்னொன்று. நம்மை இழிவுசெய்யும் பாரதத்தை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று மகன் கேட்டபோது ராம்ஜி அடிக்கவில்லை, பதில் சொன்னார். அந்தப் பதிலில் தாம் நிறைவடையவில்லை என்பதையும் 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் அண்ணல் பதிவு செய்திருக்கிறார். அப்பனைக் கேள்வி கேட்க முடிந்த பையன்தான் மனுவைக் கேள்வி கேட்டான். வெளியிலிருந்து கேலுஸ்கர் என்ற ஆசிரியர் வந்தார்; புத்தர் வரலாற்றைக் கையில் கொடுத்தார்; பரோடா மன்னரின் உதவி கிடைக்கவும் துணைநின்றார்.

அங்கே மகளின் நகை மகனுக்குப் புத்தகமானது. இங்கே மகளின் புத்தகம் அவளுக்கே நகையாகிறது. இரண்டிலும் கொடுத்தவள் பெண். அரசாங்கமே 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்றாக்கிவிட்டது. தாலியை விட்டுக் கல்லூரிக்கு அரசு வந்துவிட்டது. நாம் எப்போது வருவது?

தோழர்களே, மாணவர்களே! அடுத்த ரிசல்ட் நாளில் சேரிக்கு இருவராகப் போவோம், புரோக்கருக்கு முன்னால். அப்பா, அம்மா, பிள்ளை மூவரையும் உட்காரவைத்து, முதலில் பிள்ளையைப் பேசச் சொல்வோம். ஆதிதிராவிடர் நல விடுதி, உதவித்தொகை, 4 லட்சம் வரை ஈடில்லாத கல்விக் கடன் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வோம். விண்ணப்பத்தை நாமே உடன்போய்க் கொடுப்போம். 'படிக்க வையுங்க' என்று கூட்டத்தில் முழங்கிவிட்டு வீடு திரும்புவது லேசு. ராம்ஜிகள் நம் சேரிகளில் இருக்கிறார்கள். கேலுஸ்கராக வேண்டியது நாம்தான்.

அதற்கு முன்னால் நம் வீட்டு மகள் எதிர்த்துப் பேசட்டும். உட்கார்ந்து கேட்போம்.