காட்டின் முதல் விளைச்சல் தண்ணீர்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து கிளம்பும் சரக்கு லாரிகளைக் கவனித்துப் பாருங்கள். இயந்திரத்தை அடைத்த பெட்டி மரம். அது அசையாதிருக்க அடியில் முட்டுக் கொடுத்த சட்டமும் மரம். அந்தப் பேட்டை இருக்கும் நகரம் குடிப்பதோ காவிரித் தண்ணீரும் கபினித் தண்ணீரும். தண்ணீருக்கும் மரத்துக்கும் இந்த ஊர் காலங்காலமாக மேற்குத் திசையைத்தான் பார்த்திருக்கிறது. அந்தத் திசையில் போனால் வரும் நாகரஹொளே, காக்கனகோட்டை, அதற்கு அப்பால் குடகு, வயநாடு. இந்தப் பொதுக் காடுகளில் எதற்கு எவ்வளவு இடம் என்பதை இனியும் வனத்துறையின் கோப்புகளுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டிருக்க முடியாது.

பொதுக் காட்டின் கணக்கில் தண்ணீர் முதல் வரியாக வர வேண்டும். வன உயிர்களும், காட்டை நம்பி வாழும் மக்களும் அடுத்து. வெட்டுமரம் கடைசி. இது நாட்டின் கொள்கையாகவே எழுதப்பட்டதுதான். சூழல் சமநிலையே முதல் நோக்கம், நேரடிப் பொருள் லாபம் அதற்குக் கீழ்ப்பட்டது என்கிறது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. மத்திய அரசு ஏற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்று 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் ஆணையிட்டது. சட்டம் இருக்கிறது, வரிசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகம் கண்டிருக்கிறது. 1958-இல் தண்டேலி காகித ஆலைக்குக் காட்டு மூங்கில் டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. கூடை முடைபவர்கள் அதே மூங்கிலைச் சந்தையில் பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள். வெட்ட வசதியாக மூங்கில் புதரின் அடியில் இருந்த முள்ளை அகற்றினார்கள். காவல் போன குருத்துகளைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டன. சூழலியலாளர் மாதவ் காட்கில் இதை நேரில் ஆராய்ந்து சொன்னார். மலிவாகக் கொடுத்ததால்தான் அந்த வளம் மதிப்பின்றி அழிந்தது. 1983-இல் சிர்சி அருகே சல்கானி மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து ‘அப்பிகோ’ இயக்கம் தொடங்கியதும் இந்தப் போக்கை எதிர்த்துத்தான். அதற்குப் பிறகும் பாடம் ஏறவில்லை. மைசூர் காகித ஆலையின் பத்ராவதி தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆன பின்பும், அதன் வசமிருந்த சுமார் 20,000 ஹெக்டேர் வன நிலத்தின் குத்தகை 2020-இல் மேலும் 40 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஓடாத ஆலைக்கு ஒரு தலைமுறைக் காலத்துக்கு யூகலிப்டஸும் அகேசியாவும் எதற்கு என்று மலைநாட்டு மக்கள் கேட்டது நியாயமான கேள்வி.

எல்லாப் பயன்களையும் சமமாக வைப்போம் என்பது கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்கா 1960-இல் அப்படி ஒரு சட்டமே இயற்றியது: பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வன உயிர் ஐந்தும் தேசியக் காடுகளில் சமம். நடைமுறையில் விலை உள்ள மரமே மற்ற நான்கையும் முந்தியது. கடைசியில் 1991-இல் புள்ளி ஆந்தையைக் காக்கும் பொருட்டு நீதிமன்றம் வடமேற்குக் காடுகளில் மர விற்பனையை நிறுத்தியபோது, அறுவை ஆலைகளை நம்பியிருந்த சிற்றூர்கள் நிலைகுலைந்தன. முன்கூட்டியே வரிசை வகுக்காத இடத்தில் காடும் இழக்கும், கூலித் தொழிலாளியும் இழப்பார்.

மரமே வெட்டாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் மேற்குக் காடுகளில் இயற்கைக் காட்டை அழித்து நட்ட தேக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. மழை நாளில் அவற்றின் அடியில் நின்றால் தெரியும்: அகன்ற இலையில் திரண்ட துளி, கல் விழுவதுபோல் வெற்று மண்ணில் விழுந்து மண்ணைக் கரைக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் விற்பனைக்கு மரம் வெட்ட 1972-ஆம் ஆண்டு வன உயிர்ச் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தடை அப்படியே தொடரட்டும். பூங்காவுக்கு வெளியே உள்ள தேக்குத் தோட்டங்களைப் படிப்படியாகக் களைந்து, அந்த இடத்தில் மூங்கிலும் நெல்லியும் மருதும் கலந்த காட்டை மீட்கலாம். காட்டை மூடிப் பரவும் அயல் செடிகளான உண்ணிச்செடியையும் மஞ்சள் கொன்றையையும் அகற்றுவதும் வேலைதான், வருமானமும்தான். முதுமலையில் மஞ்சள் கொன்றையைத் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். மாதேஸ்வரன் மலைச் சோலிகப் பழங்குடியினர் உண்ணிச்செடியை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி முடைகிறார்கள்.

மற்ற மரம் எங்கிருந்து வரும்? பட்டா நிலத்திலிருந்து வர வேண்டும். அதற்கு விவசாயியை நம்ப வேண்டும். சந்தன எண்ணெய் ஆலை தொடங்கிய மைசூருக்கே இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். தன் நிலத்தில் முளைத்த சந்தனமும் சர்க்கார் சொத்து என்றிருந்தவரை, கன்றை வளர்ப்பதைவிடப் பிடுங்கிப் போடுவதே நிம்மதி என்று நினைத்தவர்கள் பலர். 2001-இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் சந்தனம் தோட்டப் பயிரானது. பட்டா நிலத்தின் மற்ற மரங்களுக்கும் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அலைய வைக்காத அனுமதி முறை வேண்டும்.

ஹுன்சூர், பிரியாபட்டணப் பக்கம் மழைக்காலத்தில் புகையிலை பதனிடும் கொட்டகைகளின் அடுப்பு இரவு பகலாக எரிகிறது. வாசலில் விறகு மலையாகக் குவிந்து கிடக்கிறது. அந்த விறகு எந்த நிலத்திலிருந்து வந்தது என்று இலை வாங்குபவர்களும் புகையிலை வாரியமும் கணக்குக் கேட்க வேண்டும். விறகு குறையும் அடுப்புகளுக்கும், சாகுபடியாளர் தம் வரப்பில் வளர்க்கும் விறகு மரத்துக்கும் உதவி தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வனச் செயல்திட்டம் கன்னடத்தில் கிராம சபை முன் வர வேண்டும். எத்தனை கன மீட்டர் மரம் என்று சொல்லும் ஏடு, எந்த ஓடை எந்த மாதம் வரை ஓடுகிறது, தேனும் நெல்லிக்காயும் யார் கைக்குப் போகின்றன என்றும் சொல்லட்டும். 2006 வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் மக்களுக்குக் காட்டைக் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. 2011-இல் பிளிகிரிரங்கன மலைச் சோலிகர்களின் கிராம சபைகள் அதைப் பெற்றன. நாகரஹொளேயின் ஜேனு குறும்பர்களுக்கு இன்னும் அது முழுமையாகக் கிடைக்கவில்லை. மர வருமானத்தில் பங்கு கொடுப்பதற்கு முன், முடிவில் பங்கு கொடுங்கள்.

கபினியில் விழும் மழை மேட்டூர் வரை போகிறது. ஹெப்பாள் பேட்டைக்கு வேண்டிய பலகையை ஒரு வரப்பில் பத்துப் பதினைந்து ஆண்டில் வளர்த்துவிடலாம். மேற்குக் காடு பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீரை எந்த வரப்பிலும் வளர்க்க முடியாது. வரிசையை அரசு இந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்கட்டும்.